சம்பாதிக்கு மறுபடி சிறகு முளைத்த கதை

ஓம் சரவணபவ!

போன மாசம் ஒரு தம்பி எனக்குத் தனியா மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, அப்பா வேலையில இருந்து நின்னதுக்கப்புறம் எதிலயுமே பிடிப்பு இல்லாம இருக்கார். கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறார். அவருக்கு எந்தப் பதிகம் சொல்லிக் குடுக்கலாம்?"

பதில் எழுத எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ஏன்னா இது எங்க வீட்டுக் கேள்வியும்கூட.

நான் பிறந்தது சிவகாசி பக்கம். அப்பாவுக்கு நாற்பது வருஷம் பயராபீஸ் வேலை. வெளியூர்க்காரங்க 'பட்டாசுத் தொழிற்சாலை'ன்னு சொல்லுவாங்க. எங்க ஊருல அது பயராபீஸ், தீப்பெட்டி செய்யுற இடம் தீப்பெட்டி ஆபீஸ். பையனா சரம் பின்னப் போனவர் கடைசியில போர்மேனா ஆனார். 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுக்கும் தடை போட்டுச்சு. காத்துக்காகத்தான் அந்தத் தீர்ப்பு, அதுல நியாயம் இருக்கு. ஆனா அப்பா கைக்குத் தெரிஞ்ச தொழில் அதோட முடிஞ்சது. அடுத்த வருஷமே வீட்டுல உக்காந்துட்டார். கொஞ்ச நாளிலேயே அவரோட கூட்டாளி ஒருத்தர் வேற ஒரு இடத்துல நடந்த வெடி விபத்துல போயிட்டார். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவர்தான், அப்புறம் வாசல் கட்டிலை விட்டு எழுந்திரிக்கிறதே அபூர்வமாயிடுச்சு.

நான் சென்னையில சாஃப்ட்வேர் வேலை. மாசம் ஒண்ணாம் தேதி பணம் போயிடும். மாத்திரை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடுவேன். நடக்க ஷூ, கவசம் கேட்க ஸ்பீக்கர், 'அறுபதுக்கு மேல் உற்சாகமாக வாழ்வது எப்படி'ன்னு தினம் ஒரு வீடியோ. எல்லாத்துக்கும் அவர்கிட்ட ஒரே பதில், "சரிப்பா." 'என்னை விட்டுரு'ங்கிறதைத்தான் அப்படிச் சொல்றார்னு எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

போன தை மாசம் லீவுல வந்தப்போ மனசு கேட்காம கழுகுமலைக்குப் போனேன். எங்க ஊருல இருந்து வெம்பக்கோட்டை வழியா பைக்குல போயிடலாம். பார்க்காதவங்க அவசியம் ஒரு தடவை பாருங்க. அங்க கருவறையே மலையைக் குடைஞ்சதுதான். சாமியைச் சுத்தி வரணும்னா மலையைச் சுத்தித்தான் வரணும். ஒரு முகம், ஆறு கையோட மயில் மேல உக்காந்திருக்கார் கழுகாசலமூர்த்தி.

மலைக்கு எப்படி இந்தப் பேர் வந்துச்சு? தல வரலாறு ஒரு வயசான கழுகைச் சொல்லுது. சடாயுவோட அண்ணன் சம்பாதி. தம்பிக்கு இறுதிக் கடன் செய்ய முடியலையேன்னு மனசு நொந்து, ராமர் வழிகாட்ட இந்த மலைக்கு வந்து முருகனை வணங்கி ஆறுதல் அடைஞ்சார்னு சொல்றாங்க. சின்ன வயசுல இருந்து கேட்ட கதைதான். அன்னைக்கு மலையைச் சுத்தி நடக்கும்போதுதான் ஒண்ணு உறைச்சது. இது எங்க அப்பா கதை.

வால்மீகி ராமாயணத்துல கிஷ்கிந்தா காண்டம் முடியுற இடத்துல சம்பாதி வர்றார். இளமையில அண்ணனும் தம்பியும் சூரியனை விரட்டிப் பறந்தாங்க. வெயில் தாங்காம தம்பி துவண்டப்போ அண்ணன் தன் சிறகை விரிச்சு அவனை மூடினார். தம்பி தப்பிச்சான். அண்ணன் சிறகு கருகி விந்திய மலையில விழுந்தார்.

தம்பியும் கூட இல்ல, பறக்கவும் முடியல. உயிரை விட்டுடலாம்னே நினைச்சார். நிசாகரர்னு ஒரு முனிவர்தான் தடுத்தார். அவர் சொன்னதோட சாரம் இது: 'உனக்கு இன்னைக்கே என்னால சிறகு வரவழைக்க முடியும். ஆனா நீ இங்க இருந்தபடியே செய்ய வேண்டிய காரியம் ஒண்ணு பாக்கி இருக்கு. காத்திரு.'

சம்பாதி காத்திருந்தார். தினமும் அவருக்கு இரை கொண்டுவந்து குடுத்தது யார் தெரியுமா? அவர் மகன் சுபார்சுவன். நல்ல பிள்ளை. ஒரு நாள் இரை இல்லாம தாமதமா வந்ததுக்குத் திட்டு வாங்கியதும் கதையில இருக்கு. ஆனா பாருங்க, அவன் அத்தனை காலம் இரை போட்டும் அப்பாவுக்கு ஒரு இறகு கூட முளைக்கல.

கோயில் வாசல்ல நின்னு இதை நினைச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஒண்ணாம் தேதி பணம் போடுறேனே, நான் சுபார்சுவன்.

அப்போ சிறகு எப்போ முளைச்சது? சீதையைத் தேடி வந்த வானர இளைஞர்கள் கடற்கரையில சோர்ந்து போய் உக்காந்திருந்தாங்க. சுக்ரீவன் குடுத்த ஒரு மாசக் கெடு முடிஞ்சுபோச்சு. வெறுங்கையோட திரும்பவும் பயம். பட்டினி கிடந்து உயிரை விடுறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்மள மாதிரிப் பசங்கதான், டெட்லைன் தாண்டிப்போய்த் தலையில கை வெச்சு உக்காந்திருக்காங்க.

மேலே இருந்து பார்த்த சம்பாதிக்கு முதல்ல வந்த நினைப்பு, 'நமக்கு இரை வந்திருக்கு'ங்கிறதுதான். வால்மீகி இதை ஒளிக்கல. மனசு ஒடுங்கிப்போன கிழவருக்கு வேற என்ன தோணும்? ஆனா அங்கதன் பேச்சுவாக்குல 'சடாயு'ன்னு சொன்னான். தம்பி பேர் காதுல விழுந்ததும் கிழவர் நிமிர்ந்தார். 'யாரு என் தம்பி பேரைச் சொன்னது? எனக்குச் சிறகு இல்ல, என்னைக் கீழே இறக்கி விடுங்க'ன்னு கேட்டார். அங்கதன் அவரை இறக்கி விட்டான். தம்பிக்கு நடந்ததைச் சொன்னான். சீதையைத் தேடுறதைச் சொல்லி உதவி கேட்டான்.

சம்பாதிக்குச் சிறகு போயிருந்ததே தவிர, கண் போகல. நூறு யோசனை தூரத்துல இருந்த இலங்கையும் அங்க இருந்த சீதையும் அந்தக் கண்ணுக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சதைச் சொன்னார். பேசிக்கிட்டு இருக்கும்போதே சிறகு முளைச்சது. இளமைக்கால பலம் திரும்பி வந்தது. 'எனக்கே சிறகு வந்துடுச்சு, உங்களுக்குச் சீதை கிடைக்க மாட்டாளா? முயற்சியை விடாதீங்க'ன்னு அந்தப் பசங்களைத் தட்டிக் குடுத்துட்டுப் பறந்து போனார்.

இதுல யாரு யாருக்கு உயிர் குடுத்தாங்க? பசங்க கிழவருக்கா, கிழவர் பசங்களுக்கா? பிரிச்சுச் சொல்ல முடியாது.

நான் செஞ்ச தப்பு அங்கதான் புரிஞ்சது. அப்பாவுக்கு ஏதாவது குடுத்துக்கிட்டே இருந்தேன். அவர்கிட்ட எதுவும் கேட்டதே இல்ல. ஒரு மனுஷனுக்கு வயசான காலத்துல பிடிப்பு போறது உடம்பு தளர்றதால மட்டும் இல்ல. தன் கண்ணுக்குத் தெரியுறதைச் சொல்ல நினைக்கும்போது கேட்க ஒருத்தரும் இல்லைங்கிறதாலயும்தான்.

அந்த வாரமே முருகன் ஒரு வழி காட்டினார். எதிர்வீட்டுத் தம்பி கெமிஸ்ட்ரி படிச்சுட்டுப் புதுசா ஒரு பயராபீஸ்ல சேர்ந்திருந்தான். ரெஸ்யூம் திருத்தித் தரச்சொல்லி என்கிட்ட வந்தான். பேச்சோட பேச்சா, "நேத்து கலந்த மருந்துல கொஞ்சம் மீந்துபோச்சுண்ணே, காலையில போட்டுக்கலாம்னு ஓரமா வெச்சுட்டு வந்துட்டோம்"ன்னான்.

நான் அதைக் கவனிக்கவே இல்ல. கட்டில்ல சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா கவனிச்சார்.

"என்ன வெச்சுட்டு வந்தீங்க?"

மூணு வருஷமா நான் கேட்காத குரல் அது. தம்பி திரும்பிப் பார்த்தான். அப்பா எழுந்து உக்காந்து என்கிட்ட, "கை குடுப்பா, படியில இறங்கணும்"ன்னார். அவருக்கு முட்டி வலி. கையைப் பிடிச்சு இறக்கி விடும்போது எனக்கு அங்கதன் ஞாபகம்தான். தொண்டை அடைச்சுக்கிச்சு.

அப்பா அந்தப் பையன்கிட்ட சொன்னார்: "கலந்து மீந்தது மருந்தில்ல தம்பி, கடன். அன்னைக்கே தீர்க்கணும். ராத்திரி ஈரம் பட்டா அலுமினியப் பவுடர் உள்ளுக்குள்ளயே சூடாகும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. காலையில எவனாவது போய்க் கையை வெப்பான்." கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "என் கூட்டாளி அப்படித்தான் போனான்"ன்னார்.

"இப்ப என்ன பெரியப்பா செய்யுறது?"ன்னு கேட்டான் தம்பி. "யாரையும் கிட்ட போக விடாத. உங்க போர்மேனுக்கு இப்பவே போனைப் போடு"ன்னார். போட்டான். அப்பா பக்கத்துலயே நின்னு, என்ன சொல்லணும்னு வரி வரியா எடுத்துக் குடுத்தார். அவங்க ஆட்கள் முறைப்படி அதை அப்புறப்படுத்திட்டாங்கன்னு ராத்திரி சேதி வந்துச்சு. அதுவரைக்கும் அப்பா சாப்பிடல.

மறுநாள் சாயங்காலம் அந்தத் தம்பி இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தான். ஒரு அறையில நாலு பேருக்கு மேல ஏன் கூடாது, நைலான் சட்டை ஏன் ஆகாது, மருந்து செலுத்தும்போது எந்த அளவுக்கு அழுத்தலாம், உச்சி வெயில்ல ஏன் கை வைக்கக் கூடாது? அவங்க படிச்ச விதியெல்லாம் அப்பாகிட்ட ஒவ்வொண்ணும் ஒரு கதையா இருந்துச்சு. அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்துட்டு, என்கிட்ட ஒண்ணும் சொல்லாம அஞ்சு டம்ளர் காப்பி போட்டாங்க.

'புராணத்துல நடக்கும், நிஜத்துல நடக்குமா'ன்னு கேட்கிறவங்களுக்கு நம்ம பாம்பன் சுவாமிகளைச் சொல்றேன். 1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவுல குதிரை வண்டி மோதிக் கால் எலும்பு முறிஞ்சது. எழுபதைத் தாண்டின வயசு. பொது மருத்துவமனை டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்ல. 1891-ல அவரே பாடிக் குடுத்த சண்முக கவசத்தை அடியார்கள் அவருக்காகப் பாடினாங்க. மயில்கள் ஆடி வர்ற காட்சியைச் சுவாமிகள் கண்டார்னும், எலும்பு கூடிச்சுன்னும் அவர் வரலாறு சொல்லுது. அதைத்தான் வருஷா வருஷம் திருவான்மியூர்ல மயூர வாகன சேவைன்னு கொண்டாடுறாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கும் மேல இருந்து, 1929 மே 30-ல சமாதி அடைஞ்சார். நடுவயசுல மத்தவங்களுக்காகக் குடுத்தது, படுத்த படுக்கையா கிடந்தப்போ அவருக்கே காவலா திரும்பி வந்துச்சு. குடுத்தது வீண் போகலைன்னு தெரிஞ்சா எந்த வயசுலயும் மனுஷன் நிமிருவான்.

இப்போ அந்தத் தம்பிக்குப் பதில். அப்பாவுக்குப் பதிகம் சொல்லிக் குடுக்காதீங்க. அவருக்குத் தெரிஞ்சதை நீங்க போய்க் கேளுங்க. சும்மா பேச்சுக்குக் கேட்காதீங்க, அது அவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். நிஜமா உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்க. நிலம் வாங்குறது, வத்தல் காய வைக்கிறது, கடன்காரனுக்குப் பதில் சொல்றது, எதுவா வேணா இருக்கட்டும். பதில் சொல்லும்போது போனைக் கீழே வைங்க. சொன்னதுல ஒண்ணையாவது செஞ்சு, 'செஞ்சேன்பா'ன்னு போய்ச் சொல்லுங்க. அதுதான் நீங்க அவருக்குச் செய்யுற அர்ச்சனை.

இன்னொண்ணு. ரொம்ப நாளா தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, 'இருந்து என்ன பிரயோஜனம்'ன்னு பேசுறாங்கன்னா அதை வயசுக் கோளாறுன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. காது கேட்காததும், கண் மங்குறதும், தைராய்டும்கூட மனுஷனை ஒதுங்க வைக்கும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, ரெண்டுமே அரசாங்க எண்கள். சம்பாதியையும் முதல்ல ஒரு முனிவர்தானே தடுத்து நிறுத்தினார்? ஆள் வர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கவும் ஒருத்தர் வேணும்.

அப்பா முழுசா மாறிட்டார்னு சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் கட்டில்தான். கூட்டாளியோட நினைவு நாள் அன்னைக்கு யார்கிட்டயும் பேசல. ஆனா பங்குனியில நான் வந்தப்போ, "கழுகுமலைக்குப் போனியாமே, என்னைக் கூட்டிட்டுப் போகல?"ன்னு அவரே கேட்டார்.

போனோம். மலையைச் சுத்தி வரும்போது பாதியில மூச்சு வாங்கி ஒரு கல்லுல உக்காந்தார். நானும் உக்காந்தேன். குடைஞ்ச பாறையை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "இதை வெட்டுனவன் எத்தனை தடவை கை வலிச்சு இப்படி உக்காந்திருப்பான்! உக்காந்துட்டு மறுபடி உளியை எடுத்திருக்கான், அவ்வளவுதான்"ன்னு சொல்லி வேட்டியை உதறிக்கிட்டு எழுந்தார். "வா, மிச்சத்தைச் சுத்திருவோம்."

மிச்சத்தையும் சுத்தினோம்.

இதைப் படிச்சு முடிச்சதும் ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்குற பெரியவர் ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வெளியூர்ல இருந்தா போன் பண்ணிக் கேளுங்க. சிறகு முளைக்க வைக்கிறது கழுகாசலமூர்த்தி பொறுப்பு. கீழே இறக்கி விடக் கை குடுக்கிறது நம்ம பொறுப்பு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!