பங்கு கேட்கும் ஓவியங்கள்

1977-இல் வரையப்பட்ட ஒரு பெரிய ஓவியத்தை ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 1,200 டாலருக்கு வாங்கியது. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டருக்கும் மேல் அகலம். மெல்பனுக்குத் தெற்கே மார்னிங்டன் தீபகற்பத்தில் வங்கிக்கு ஓர் ஊழியர் பயிற்சி மையம் இருந்தது. அங்கே கேன்டீன் சுவரில் அதை மாட்டினார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் அதற்குக் கீழே அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஓவியத்தின் பெயர் வார்லுகுலாங். வரைந்தவர் கிளிஃபோர்ட் பாஸம் ஜபால்ஜாரி. மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்து அன்மட்யெர் பழங்குடியைச் சேர்ந்தவர். பண்ணைகளில் மாடு மேய்த்தவர், மரச்சிற்பம் செதுக்கியவர். 1996-இல் வங்கி அதை ஏலத்துக்கு விட்டபோது 36,000 டாலருக்குப் போனது. 2007 ஜூலையில் மறுபடியும் ஏலம். இந்த முறை ஆஸ்திரேலியத் தேசிய ஓவியக்கூடம் அதை 24 லட்சம் டாலருக்கு எடுத்தது. ஜபால்ஜாரி 2002-லேயே இறந்துவிட்டார். மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுகளுக்கும் 5 சதவீதம் தர வேண்டும் என்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1,200 டாலரோடு அவருக்கான கணக்கு முடிந்தது.

ஓவியத்துக்குள் இருக்கும் கதை தெரிந்தால் இந்தக் கணக்கு இன்னும் உறுத்தும். லுங்காட்டா என்பவன் நீலநாக்கு அரணையின் வடிவம் கொண்ட ஆதி முன்னோன். அவனுடைய பிள்ளைகள் இருவர் ஒரு கங்காருவை வேட்டையாடி, தகப்பனுக்குப் பங்கு வைக்காமல் தாங்களே தின்று தீர்த்தார்கள். கோபம் கொண்ட லுங்காட்டா தீயை மூட்டினான். அது காட்டுத் தீயாகப் பரவி, ஓடிய பிள்ளைகளைத் துரத்திக் கொன்றது. அந்தத் தீ எழுந்த இடம்தான் வார்லுகுலாங். ஓவியத்தின் நடுவில் தீ வெடித்துப் பரவுகிறது; பிள்ளைகளின் எலும்புகள் ஓரமாகக் கிடக்கின்றன. பங்கு கொடுக்காததால் வந்த கேட்டைச் சொல்லும் கதை, நாள்தோறும் சோறு பங்கிடப்படும் ஓர் இடத்தில் ஆண்டுக்கணக்கில் தொங்கியிருக்கிறது. கீழே உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது சொல்லப்பட்டிருக்கும்!

இத்தனை பெரிய படைப்பைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்களே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஓவியக்கூடத்துக்கு ஆயுளில் ஒருமுறைகூடப் போகாத கண்கள் அதைப் பார்த்திருக்கின்றன. கசங்கிய மனத்தோடு பயிற்சி வகுப்பிலிருந்து வெளியே வந்த ஓர் இளம் எழுத்தர், ஓவியத்தின் புள்ளிகளின் பின்னே போய் ஒரு நிமிடம் தன்னை மறந்திருக்கலாம். தப்பு கேன்டீனில் இல்லை. ஒரு தடவை காசு கொடுத்ததோடு எல்லா உறவும் அறுந்துபோனதில் இருக்கிறது.

அந்த உறவை அறுத்துவிடாமல் வைத்திருக்க வேறொரு வழி அதே நாட்டில் இருக்கிறது. 1980-இல் ஆஸ்திரேலிய அரசு ஆர்ட்பேங்க் என்ற அமைப்பைத் தொடங்கியது. தேசியத் தொகுப்பிலிருந்து கொடுத்த 600 படைப்புகள்தாம் அதன் முதல் இருப்பு. வாழும் ஓவியர்களிடமிருந்து அது படைப்புகளை விலைக்கு வாங்குகிறது. அலுவலகங்கள், தூதரகங்கள், வழக்கறிஞர் நிறுவனங்கள், வீடுகள் என்று கேட்பவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. இன்று அதனிடம் 10,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. இதற்கு முன்னோடி கனடா. அங்கே 1972-இலேயே கனடா கலை மன்றம் இதே பெயரில் ஓர் அமைப்பை ஒட்டாவாவில் நிறுவியது; 3,000-க்கும் மேற்பட்ட கலைஞர்களின் 17,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் அதன் கையிருப்பு.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஏற்பாடு எளிது. படத்தை வாங்கினால் பெரும்பணம் முடங்கும். வாடகை என்றால் ஆண்டுச் செலவோடு போய்விடும். அலுவலகம் இடம் மாறினால் படமும் மாறலாம். ஓவியரின் பக்கம்தான் எனக்கு முக்கியம். இந்த அரசு அமைப்புகளில் மாதவாடகை நேராக அவர் கைக்கு வருவதில்லை. அவருக்கு விற்ற விலை கிடைக்கிறது. வாடகையாகச் சேரும் பணம் இன்னொரு ஓவியரின் படத்தை வாங்கப் போகிறது. ஒரு தலைமுறையின் படங்கள் சுவரில் தொங்கிச் சம்பாதித்து அடுத்த தலைமுறையை வரைய வைக்கின்றன. ஓவியரே நேராக வாடகைக்கு விடும் இடங்களில் கணக்கு வேறு. அங்கே படமும் அவருடையது, வரும் பணமும் அவருடையது. இரண்டு வழியிலும் படம் இருட்டுக் கிடங்கில் சாத்திவைக்கப்படாமல் யாரோ ஒருவர் முன்னால் நிற்கிறது. பார்க்கப்படாத ஓவியத்துக்கு எத்தனை விலை மதித்தாலும் எனக்கு அது பட்டினி கிடக்கும் ஓவியம்தான்.

வியாபாரம் நடக்கும் இடத்தில் கலை வெறும் அலங்காரமாகிவிடாதா? ஓவியர் மார்க் ரோத்கோவுக்கு இந்த அச்சம் இருந்தது. 1958-இல் நியூயார்க்கின் சீக்ரம் கட்டடத்தில் திறக்கவிருந்த ஃபோர் சீசன்ஸ் உணவகத்துக்கு வரைந்து தர அவர் ஒப்புக்கொண்டார். அடர்சிவப்பும் கருமையும் கலந்த பெரிய பெரிய ஓவியங்கள் உருவாயின. பிறகு அந்த உணவகத்துக்கு ஒருநாள் சாப்பிடப் போனவர், அங்கிருந்த செல்வச் செழிப்பைக் கண்டு மனம் வெறுத்து, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்பது ஓவியங்கள் இன்று லண்டனின் டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் செய்தது அவருக்குச் சரி. தன் படத்தின் முன்னால் யாரும் முள்கரண்டியோடு உட்காரக் கூடாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பொதுவிதியாக்கினால், நாளின் பெரும்பகுதியை அலுவலகத்தில் கழிப்பவர்களுக்கு வெற்றுச் சுவரும் நாள்காட்டியும்தான் மிஞ்சும்.

அலங்காரமாகிப்போகும் ஆபத்து உண்மையானதுதான். அது வருவது பழக்கத்தால். எத்தனை அருமையான படமானாலும் மூன்றாவது மாதத்தில் கண் அதைத் தாண்டிப் போகத் தொடங்கிவிடும். வாடகைக் காலம் முடிந்து படத்தை இறக்கும்போதுதான் அது அங்கே இருந்தது என்பதே பலருக்கு உறைக்கும். கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர், எங்கே அந்தப் படம் என்று கேட்பார். அப்படிக் கேட்டவருக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு பாத்தியதை உண்டாகிவிட்டது என்று நினைக்கிறேன். வாங்கிய ரசீது ஒன்றும் அவரிடம் இல்லை. பார்த்துப் பார்த்து வந்த உரிமை அது.

இங்கேதான் ஜபால்ஜாரியிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அவருடைய மக்களிடம் யார் வேண்டுமானாலும் எந்தக் கதையை வேண்டுமானாலும் வரைந்துவிட முடியாது. ஒவ்வொரு இடத்துக்கும், அந்த இடத்தின் கதைக்கும், பிறப்பாலும் உறவாலும் பொறுப்பேற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தாம் அதைப் பாடலாம், ஆடலாம், வரையலாம். வார்லுகுலாங் ஓவியத்தில் லுங்காட்டாவின் கதையோடு இன்னும் எட்டுக் கதைகள் அவற்றுக்குரிய இடங்களோடு பின்னிக் கிடக்கின்றன. அவை எல்லாம் மூத்தோரிடமிருந்து அவர் பெற்றவை, இளையோருக்குக் கொடுக்க வேண்டியவை. வரைந்தவரே தன்னை உடைமையாளராக எண்ணாத ஒன்றை, வங்கி காசு கொடுத்து உடைமையாக்கிக்கொண்டதாக நினைத்தது. கைமாறியது கித்தானும் வண்ணமும்தான். அதற்குள் இருந்த நிலமும் தீயும் யாருக்கும் விற்கப்படவில்லை.

இது பாலைநிலத்து மக்களுக்கு மட்டும் உரிய உண்மை என்று நான் நினைக்கவில்லை. நல்ல ஓவியம் எதுவுமே அதை வைத்திருப்பவரைத் தாண்டி வாழும். வங்கியின் கையில் சில காலம், வாங்கியவர் கையில் சில காலம், இன்று நாட்டின் கையில். ஒவ்வொருவரும் நடுவழியில் அதைச் சுமந்தவர்களே. கெடாமல் காத்து, நாலு பேருக்குக் காட்டி, அடுத்த கையில் சேர்ப்பது அவர்கள் வேலை. வாடகை ஒப்பந்தம் இதை ஒளிக்காமல் எழுதி வைக்கிறது. இத்தனை மாதம் உன்னிடம் இருக்கும், வெயில் படாமல் பார்த்துக்கொள், பிறகு திருப்பிக் கொடு என்கிறது. கிரயப் பத்திரம் நம்மிடம் மறைக்கும் உண்மையை அது சொல்லிவிடுகிறது: கைக்கு வந்தது எதுவும் நம்மோடு நின்றுவிடப்போவதில்லை, அதனால் அதன் பங்குகள் பிறருக்குப் போய்ச் சேர வேண்டும். பார்ப்பவருக்கு ஒரு பங்கு, படைத்தவருக்கு ஒரு பங்கு, வரப்போகிறவருக்கும் ஒரு பங்கு.

அலுவலகம் நடத்துகிற, கடை நடத்துகிற, மருத்துவமனை நடத்துகிற வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சடித்த படத்தை வாங்கிச் சட்டம் போடுவதற்கு முன், உங்கள் ஊரில் வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப் போய் ஓராண்டுக்கு ஒரு படம் வாடகைக்குக் கேளுங்கள். காலம், தொகை, காப்பீடு, சேதமானால் யார் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் நடமாடும் இடத்தில் மாட்டி, வரைந்தவர் பெயரையும் படத்தின் கதையையும் ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வாடகையை நாள் தவறாமல் கொடுங்கள். பழகிப்போன படத்தை விட மனமில்லாமல் விலைக்கே வாங்க நேர்ந்தால், பின்னாளில் விற்கும்போது ஓவியருக்கு எத்தனை சதவீதம் என்பதையும் அன்றைக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவில் அந்தப் பங்குக்கு இடம் உண்டு. மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரை அது இருக்கலாம்.