கடன்பட்டவர் மறைந்தபின் கடன் யாருடையது?

தமிழில் 'கடன்' என்பது வாங்கிய பணத்தையும் குறிக்கும், செய்தாக வேண்டிய கடமையையும் குறிக்கும். வங்கிக்கடன், நேர்த்திக்கடன், நீர்க்கடன் மூன்றிலும் இருப்பது ஒரே சொல். கடன்பட்டவர் கண்மூடினால் அது யாரைச் சேரும் என்பது பழைய அறக்கேள்வி.

திருவண்ணாமலைக் கோயில் அதற்கு ஆண்டுதோறும் ஒரு விடை தருகிறது. போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் பிள்ளைப்பேறு இல்லாதவர் என்றும், அண்ணாமலையாரே அவருக்கு மகனானார் என்றும் ஐதீகம். மாசி மகத்தன்று இறைவன் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, ஆற்றங்கரையில் மன்னருக்குத் திதி கொடுக்கிறார்.

தந்தையின் பணக்கடனை அடைப்பதும் மகனின் அறக்கடமை என்றே பழைய இந்துச் சட்டம் கருதியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. அதன்பின் பட்ட கடனுக்கு, அறக்கடமையை மட்டும் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது வழக்காட முடியாது. ஆயினும் அடமானம் வைத்த வீட்டின் மீது வங்கிக்குள்ள உரிமை அப்படியே நிற்கும். மகனுக்கு விடுதலை உண்டு, வீட்டுக்கு இல்லை.

இந்த இடைவெளியில்தான் வீட்டுக்கடன் காப்பீடு வருகிறது. அதில் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது அடமான உத்தரவாதம். ரிசர்வ் வங்கி 2008-இல் இதற்கு விதிமுறைகள் வகுத்தது. 2012-இல் இந்தியா மார்ட்கேஜ் கேரண்டி கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. தவணை நின்று கடன் வாராக்கடனானால், உத்தரவாத நிறுவனம் கடன் கொடுத்தவரின் இழப்பை ஒப்புக்கொண்ட அளவுக்கு ஈடுசெய்யும். கடன் வாங்கியவரின் பொறுப்பு அதனால் தீராது.

இரண்டாவது, கடன் வாங்கியவரின் உயிர்மீது எடுக்கும் காப்பீடு. அவர் இறந்தால் காப்பீட்டுத் தொகை கடனுக்குச் செல்லும், வீடு குடும்பத்துக்கு மிஞ்சும். பெரும்பாலான திட்டங்களில் கடன் குறையக் குறையக் காப்புத் தொகையும் குறையும். பிரீமியத்தையும் கடனோடு சேர்த்தால் அதற்கும் வட்டி ஏறும். இதை எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

முன்பின் அறியாதவர் கட்டிய பிரீமியத்தில் ஒருவரின் கடன் அடைவது முறையா? முறையே. யாருக்கு முதலில் சாவு வரும் என்று தெரியாத பலர், தெரியாமையைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆகவே வாய்மை இதன் உயிர்நாடி. நோயை மறைத்துச் சேர்பவர் உடன் கட்டியவர்களின் பங்கை எடுக்கிறார். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பாலிசியை மறுத்துக் கேள்வி எழுப்ப நிறுவனத்துக்கு 3 ஆண்டுகளே தருகிறது; அறம் அப்படிக் கெடு வைப்பதில்லை.

பணக்கடனை யார் அடைத்தாலும் அடையும். அடைப்பவர் இறந்தவருக்கு உறவாக இருக்கவேண்டியதில்லை. நீர்க்கடன் அப்படிப்பட்டதன்று. அதைச் செய்ய அண்ணாமலையாரும் முதலில் மகனாக வேண்டியிருந்தது. காப்பீடு முதல் கடனைத் தீர்க்கும்; இரண்டாவது கடன் என்றும் குடும்பத்துடையதே.