எந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பது?

செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. 1920-இல் காரெல் சாபெக் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில், மனிதருக்காக உழைக்கவென்றே படைக்கப்பட்ட செயற்கை மாந்தருக்கு அச்சொல்லிலிருந்துதான் 'ரோபோ' என்னும் பெயர் வந்தது. தான் விரும்பாத உழைப்பைப் பிறர் தலையில் சுமத்தும் மனிதனின் பழைய ஆசை அந்தப் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது.

ரோபோ மனிதனுக்கு மாற்றாகுமா என்று கேட்பவரிடம், எந்த வேலையில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். பாதாளச் சாக்கடையை எடுத்துக்கொள்வோம். உரிய பாதுகாப்பின்றி மனிதனை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்தும், அக்குழிகளில் உயிரிழப்போரின் குடும்பத்திற்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என உச்ச நீதிமன்றம் உயர்த்த நேர்ந்தது. 2018-இல் திருவனந்தபுரத்தில் 'பேண்டிகூட்' என்ற ரோபோ இந்த வேலைக்கு இறங்கியது. குழிக்குள் அது இறங்க, இயக்குபவர் மேலே நின்று திரையில் பார்த்து அதனை வழிநடத்துகிறார். முன்பு குழியில் இறங்கிய தொழிலாளர்களுக்கே அதை இயக்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இங்கே யாருடைய இடமும் பறிபோகவில்லை. மனிதன் ஒருநாளும் நின்றிருக்கக் கூடாத இடம் அது. வீட்டுத் தரையைப் பெருக்கும் 'ரூம்பா' 2002-லேயே கடைக்கு வந்துவிட்டது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் வந்தால் கேள்வி கடினமாகிறது. ஜப்பானில் உருவான 'பாரோ' என்னும் ரோபோ, கடல்நாய்க் குட்டியின் வடிவம் கொண்டது. தடவினால் அசையும், குரல் கேட்டால் தலை திருப்பும். மறதி நோயுற்ற முதியோர் பலர் அதை மடியில் வைத்துக்கொண்டு அமைதி அடைகின்றனர். அந்த அமைதி பொய்யென்று தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? அதேபோல், படுக்கையில் கிடக்கும் தாயைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்த மருமகளுக்கு ஓர் இயந்திரம் தோள் கொடுக்குமானால் அதை வரவேற்கத்தான் வேண்டும். சேவையின் மேன்மையை மேடையில் விளக்கும் ஆண்கள் பலர் ஒரு நாளும் படுக்கை விரிப்பை மாற்றியதில்லை.

ஆயினும் ஒன்று உண்டு. தாய் ஒரே பழங்கதையைப் பத்தாவது முறை சொல்கிறாள். இயந்திரம் சலிக்காமல் கேட்கும். ஏனெனில் சலிப்பு என்பதையே அது அறியாது. மகனுக்குச் சலிக்கிறது, சலித்தும் அவன் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கிறான். பொறுமை என்று நாம் சொல்வது அந்த மகனிடம் இருப்பதைத்தான். கதையைக் கேட்க ஒரு கருவியை அமர்த்தினால் தாய்க்குக் குறை தெரியாமலே போகலாம். ஆனால் பொறுமை பழகும் வாய்ப்பு மகனுக்கு இல்லாமற் போகிறது. அதை அவன் வேறெங்கு கற்பான்?

அதனால், தாயைத் தூக்கும் இயந்திரம் ஒரு வீட்டிற்குள் வரும் நாளில் வீட்டார் கூடிப் பேச வேண்டியது ஒன்றிருக்கிறது: மிச்சமாகும் அந்த அரைமணி நேரத்தில் கட்டிலருகே அமரப்போவது யார்? இம்முறையும் மருமகள்தானா?