மனிதரைப் போற்றலாமா? ஆழ்வார்களின் ஊரும் குமாரசாமி ராஜாவின் நினைவும்

இறந்துபோன ஒரு மனிதரை, அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், புகழ்ந்து வணங்குவது முறைதானா என்ற கேள்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் எழும்போது அதற்குத் தனிக் கூர்மை உண்டு. அந்த ஊரில் தோன்றிய ஆழ்வார்கள் இருவருமே மனிதருக்கு முதலிடம் தர மறுத்தவர்கள். பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகத்தைப் பிள்ளைக்குப் பெயரிடும் பெற்றோருக்கென்றே ஒதுக்கி, காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரை வைத்தால் மறுமைக்கு அது உதவாது, நாராயணனின் பெயரையே வையுங்கள் என்று வற்புறுத்துகிறார். அவர் வளர்த்த ஆண்டாளோ மனிதருக்குத் தன்னை மணம்பேசினால் உயிர்வாழ்வதில்லை என்கிறாள். செல்வரைப் பாடிப் பிழைக்கும் புலவரைத் திருவாய்மொழியில் நம்மாழ்வார் கடிந்துகொள்வதையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், தலைவர்களின் படத்துக்கு மாலை சூட்டும் இன்றைய வழக்கம் வைணவ நெறிக்கே முரணானதுபோலத் தோன்றும்.

ஆனால் அதே வைணவம்தான் இறந்த அடியாரை வேறெவரும் செய்யாத சிறப்போடு அனுப்பிவைக்கிறது. ஸ்ரீசூர்ண பரிபாலனம் எனப்படும் சடங்கில், உடல் வீட்டில் கிடக்கையிலேயே உரலில் மஞ்சளை இட்டு இடித்துப் பாசுரம் சொல்லி, அந்தப் பொடியை இறந்தவருக்குச் சாத்தி, வந்திருப்போரும் பெற்றுக்கொள்கிறார்கள். பரமபதத்துக்குப் புறப்படும் உயிரை அங்குள்ளோர் எதிர்கொண்டு வரவேற்பதாகத் திருவாய்மொழியின் இறுதிப் பகுதி சொல்லுவதால், இழவு வீட்டில் இது மங்கல நிகழ்ச்சியாகவே நடக்கிறது. கோயிலிலிருந்து பெருமாளுக்குச் சாத்திய மாலையும், தலையில் கட்டும் துணியாகிய பரிவட்டமும் வந்து சேர்வதும் உண்டு.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையிலுள்ள முடிச்சை அவிழ்ப்பது பெரிய நம்பி பற்றிய வரலாறு. குலத்தில் தாழ்ந்தவர் என்று ஊரார் ஒதுக்கிய மாறனேரி நம்பிக்கு அவர் இறுதிக் கடனைத் தம் கையாலேயே செய்தார். அதற்காக ஊரார் அவரை விலக்கிவைத்தனர். சீடரான இராமாநுசர் இதுபற்றிக் கேட்டபோது, பறவையாகிய சடாயுவுக்கு இராமன் மகனைப்போல் நின்று ஈமக்கடன் செய்ததையும், விதுரனுக்குத் தருமபுத்திரன் செய்ததையும் காட்டி, இராமனையும் தருமபுத்திரனையும் விடத் தாம் உயர்ந்தவரல்லர், சடாயுவையும் விதுரனையும் விட மாறனேரி நம்பி தாழ்ந்தவரல்லர் என்று பெரிய நம்பி விளக்கியதாகக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. சடாயு வயது முதிர்ந்த போர்வீரன். வெல்ல முடியாது என்று தெரிந்தும் பிறர் பொருட்டுச் சிறகிழந்தவன். அவனுடைய செல்வத்தையோ ஆட்சியையோ பார்த்து இராமன் கொள்ளி வைக்கவில்லை. ஆழ்வார்கள் விலக்கியது ஒருவன் வைத்திருந்ததைப் புகழ்வதை. ஆசாரியர்கள் விதித்தது ஒருவன் கொடுத்ததற்குக் கடன்படுவதை. இரண்டும் ஒரே நெறியின் இரு கூறுகள் என்று கொள்வதே பொருத்தம்.

இந்த அளவுகோலைக் கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள ராஜபாளையத்தின் பூ.ச.குமாரசாமி ராஜாவின் வாழ்வைப் பார்க்கலாம். 1898 ஜூலை 8 அன்று பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்த அவர், 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண முதலமைச்சரை அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். 1950இல் குடியரசு மலர்ந்தபோது பதவியின் பெயர் மாறியது, பொறுப்பு 1952 வரை தொடர்ந்தது. பிறகு ஒரிசாவின் ஆளுநராக இருந்து 1957இல் மறைந்தார். பதவிப் பட்டியல் இவ்வளவே. ஆழ்வார்களின் கணக்கில் இதற்கு மதிப்பில்லை. மதிப்புள்ளது வேறு: ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக அவர் ஊருக்குக் கொடுத்துவிட்டார். மாநிலத்தை ஆளும் அளவுக்கு உயர்ந்த ஒருவர் சொந்தக் கூரையைப் பொதுவாக்கிவிட்டுப் போவது அரிது. அவருடைய ஆட்சியில் இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமும், கோயிற் சொத்து தனி ஒருவரின் உடைமையன்று, பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டியது என்ற எண்ணத்தை வலுப்படுத்தியது. அச்சட்டத்தின் சில பிரிவுகளை உச்சநீதிமன்றம் 1954இல் சிரூர் மட வழக்கில் செல்லாதவை என்றது; 1959இல் புதுச்சட்டம் வந்தது; ஆயினும் அந்த எண்ணம் நிலைத்துவிட்டது.

ஆனால் நினைவேந்தல் கூட்டங்களில் பேசப்படாத ஒன்றும் அந்த ஆட்சிக்காலத்திலேயே நடந்தது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் காவலர் சுட்டதில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டனர். ஆட்சிக்குத் தலைமை தாங்கியவரை நினைக்கும்போது இதை விட்டுவிட்டு நினைப்பது மரியாதையாகாது. இறந்தவரைக் குறை சொல்லலாகாது என்ற வழக்கு துக்க வீட்டுக்குப் பொருந்தும். எழுபது ஆண்டுகள் கடந்த வரலாற்றுக்குப் பொருந்தாது.

இங்கே கௌஷீதகி உபநிடதத்தின் ஒரு கருத்து உதவுகிறது. ஞானி இவ்வுலகை விட்டுச் செல்லும்போது அவனுடைய நல்வினை அவனுக்கு இனிய சுற்றத்தாரையும், தீவினை இனியரல்லாதாரையும் சென்று சேரும் என்கிறது அது. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய இராமாநுசரும் இதை எடுத்து ஆராய்கிறார். வினை செய்தவனோடு மறைந்துவிடுவதில்லை, எஞ்சியிருப்போரிடம் வந்து தங்குகிறது என்பது இதன் அடிப்படை. முத்தியை நோக்கிச் செல்லும் உயிருக்காகச் சொல்லப்பட்ட இதைப் பொதுவாழ்வுக்கு நீட்டிப் பார்த்தால், ஒரு மாற்றம் தேவைப்படுகிறது: ஊருக்குத் தலைமை தாங்கியவரின் நன்மையை மட்டும் பெற்றுக்கொண்டு தீமையைப் பகைவர் தலையில் போட ஊருக்கு உரிமை இல்லை. தந்தையின் நிலத்தை ஏற்கும் மகன் அவர் வாங்கிய கடனையும் ஏற்பதுபோல, இரண்டையும் ஏற்பதுதான் நீத்தார் கடனின் முழுப்பொருள். இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவரில் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, வள்ளுவர் முதலில் வைத்ததும் இத்தகைய பொறுப்பை எண்ணித்தான் என்று கருத இடமுண்டு.

பெரியாழ்வாரின் பிறந்தநாளான ஆனிச் சுவாதியும் குமாரசாமி ராஜாவின் ஜூலை 8உம் ஒரே ஆனி மாதத்தில் வருகின்றன. முன்னதை ஸ்ரீவில்லிபுத்தூர் பாசுரம் ஓதிக் கொண்டாடுகிறது. பின்னதற்கு மாலையும் மேடையும் மட்டும் போதா. கொடுக்கப்பட்ட அந்த வீடு கொடுத்தவர் எண்ணியபடி பயன்படுகிறதா என்ற கணக்கை ஊர் கூடிக் கேட்பதும், சேலத்தில் மாண்டவர்களைப் பற்றி இளைஞர்களுக்கு மறைக்காமல் சொல்வதும் அந்நாளின் கடமைகளுள் சேரவேண்டும்.