வெட்டப்பட்ட சில நொடிகள்

2018இல் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ இந்தியா முழுவதும் சுற்றியது. பைக்கில் வரும் இருவர், தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். 'பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம ஊருக்கும் வந்துவிட்டது' என்று ஊர்தோறும் பரப்பினார்கள்.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்திகளை நம்பிய கூட்டங்கள், அந்த ஆண்டு பல மாநிலங்களில் அப்பாவிகளை அடித்துக் கொன்றன. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரும் பலியானார்.

அந்த வீடியோவில் இருந்த காட்சி உண்மையாகவே படமாக்கப்பட்டது. வெட்டியதும், தவறான விவரம் சேர்த்ததுமே அதைப் பொய்யாக்கின. ஆகவே, காட்சி போலியாக உருவாக்கப்பட்டதா என்று பார்ப்பது மட்டும் போதாது. எங்கே, எப்போது, யார் எடுத்தது? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பல பழைய படங்களின் பூர்வீகம் தெரிந்துவிடும்.

நம் கோபத்தையும் பயத்தையும் தூண்டும் படத்தையே அதிகம் சோதிக்க வேண்டும். நாம் அனுப்பாத வதந்தி, நம்மோடு முடிந்துபோகும்.