கேட்பவர் யார்?

இலங்கையில் வானொலி ஒலிக்கத் தொடங்கியது 1925ஆம் ஆண்டில். அன்று முதல் அந்தப் பெட்டி பேசியது, நாம் கேட்டோம். 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மின்கலங்களுக்கும் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், நம் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு செய்தி கேட்டார்கள். உலகை அறியும் வேட்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்கு வாய் இருந்தது, செவி இல்லை.

இன்று செவியுள்ள பெட்டி வந்திருக்கிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாழும் மகன், ஊரில் தனித்திருக்கும் தாய்க்கு ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ ஒன்றைக் கொண்டுவருகிறான் எனக் கொள்வோம். அதை வீட்டு வலையமைப்புடன் இணைப்பது எளிது. கைத்தொலைபேசியில் உரிய செயலியைத் திறந்து ஒரு கணக்கைப் பதிய வேண்டும். புளூடூத் வழியாகவோ, பெட்டி தானே தற்காலிகமாக எழுப்பும் வைஃபை வழியாகவோ தொலைபேசி அதைக் கண்டுகொள்ளும். பின்னர் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அச்சில நிமிடங்களில் வேறொன்றும் முடிவாகிவிடுகிறது. எவர் கணக்கிற் பதியப்படுகிறதோ அவரே பெட்டியின் எசமானர். அதன் முன் வாழ்பவரோ வேறொருவர். இவ்விடத்திலேதான் அறக்கேள்வி பிறக்கிறது.

தன்னை விளிக்கும் சொல்லுக்காகப் பெட்டி எந்நேரமும் காத்திருக்கிறது. அச்சொல் கேட்டதும் தொடரும் பேச்சு தொலைதூரக் கணினிகளுக்குச் செல்கிறது. சில வேளை, அழைக்காமலே அழைத்ததாக மயங்கியும் விழித்துக்கொள்ளும். பதிவான பேச்சுக்கள் சிலவற்றை அமேசன் நிறுவன ஊழியர் கேட்டு ஆராய்ந்த செய்தி 2019இல் வெளிவந்தது. சிறுவரின் குரற்பதிவுகளை நீக்காது வைத்திருந்ததாக எழுந்த வழக்கில், 2023இல் அந்நிறுவனம் 2.5 கோடி அமெரிக்க டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. உழைப்பை மட்டுமன்றி உரையாடலையும் மூலப்பொருளாக்க முதலாளித்துவம் கற்றுவிட்டது.

ஆயினும் நிறுவனத்தைக் கண்டிப்பது சுலபம். அன்பை விசாரிப்பதே கடினம். அமேசனின் எக்கோ பெட்டிகளில் ‘ட்றொப் இன்’ என்றொரு வசதி உண்டு. மறுமுனையில் எவரும் அழைப்பை எடுக்காமலே இணைப்புத் திறந்துகொள்ளும். ஒரு சிறு ஒலியும் பச்சை ஒளியுமே அறிவிப்பு. தவறி விழுந்து கிடக்கும் தாயின் குரலை மகன் இதனாற் கேட்கலாம். அவள் அயலவளோடு பேசுவதையும், தனிமையில் அழுவதையும் இதே வழியாற் கேட்கலாம். முன்னது காவல், பின்னது வேவு. இரண்டையும் பிரிப்பது கருவியன்று, தாயின் சம்மதம்.

‘வீட்டுக்குள் மறைக்க என்ன இருக்கிறது?’ என்பாரும் உளர். கிடுகு வேலியை உயர்த்திக் கட்டிய சமூகத்தில் இக்கேள்வி வியப்புக்குரியது. அவ்வேலியை நாம் போற்றவில்லை. சாதியைக் காத்ததும் பெண்ணை அடைத்ததும் அதுவே. வேலி காத்தது குடும்பத்தின் கௌரவத்தை. நாம் கோருவதோ தனிமனிதரின் மானத்தை. குடும்பத்துக்குள்ளும் அதற்குக் காப்பு வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அந்தப் பெட்டியின் முன்னேதான் பேசுகிறாள். அவளிடம் யார் அனுமதி கேட்டார்?

சட்டம் இங்கே துணை வராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை. சட்டம் வாசற்படியில் நின்றுவிடுகிறது. உள்ளே செல்ல வேண்டியது அறம்.

கருவியை எறிந்துவிடுங்கள் என நாம் சொல்லவில்லை. கண் மங்கிய முதியவருக்குக் குரலால் இயங்கும் கருவி பெருந்துணை. ஆனால் கடவுச்சொல்லைக் கொடுக்குமுன், அது எப்போது கேட்கும், எங்கே அனுப்பும், எவர் உள்ளே வரலாம் என்பவற்றைப் பெற்றவளுக்கு அவள் மொழியிற் சொல்ல வேண்டும். ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தானை அவள் விரலாலேயே அழுத்திப் பழக்க வேண்டும். வேண்டாமென்று அவள் மறுத்தால், அதை நன்றிகேடாகக் கொள்ளலாகாது. தமிழில் ‘கேள்’ என்னும் ஒரே சொல் செவிமடுத்தலையும் வினவுதலையும் குறிக்கிறது. முதலில் வினவுவோம், இசைவு கிடைத்தபின் செவிமடுப்போம்.