சொல்லை அளக்கும் கோல்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இறுதியிற் கூறப்பட்டவனுக்கு அவர் சூட்டிய பெயர் உழைச்செல்வான் என்பது. அவனுக்குரிய பண்புகளாகப் பரிமேலழகர் நோயாளனிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகியவற்றை எண்ணுகின்றார். உழைச்செல்வானின் பணியை இன்று ஏற்றிருப்போர் தாதியர். அவர்தம் கையின் திறனை அளப்பது எளிது. காய்ச்சல் குறித்த ஏடும், மருந்து கொடுத்த நேரமும் அதற்குச் சான்றாகும். அவர்தம் சொல்லின் திறனை அளக்க இயலுமா? இயலுமெனில், எக்கோல் கொண்டு அளப்பது?

பினாங்கில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஜார்ஜ்டவுனின் பொது மருத்துவமனைக்கு வருவோர் மலாய், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழியினர். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தமிழ் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் அறிந்தது சந்தை மலாய் மட்டுமே. மலாயில் உணவுக்கு முன் என்பதற்குச் 'செபெலும் மாக்கான்' என்பர். உணவுக்குப் பின் என்பதற்குச் 'செலெபாஸ் மாக்கான்' என்பர். விரைந்து கூறுங்கால் இரண்டும் அம்மூதாட்டியின் செவியில் ஒன்றாகவே ஒலிக்கும். நீரிழிவுக்கான மாத்திரையை முன்னுண்பதா பின்னுண்பதா என்பது அவருக்கு உடல்நலம் பற்றிய செய்தி. ஆயினும் அவர் தலையசைப்பார்; தாதி இன்சொல்லோடு புன்னகைத்து அகல்வார். அங்குப் பண்பு இருந்தது. பொருள் மட்டும் சென்று சேரவில்லை.

சொல்லையும் எண்ணையும் ஒருங்கே மதித்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியப் போரில் மாண்ட வீரரின் தொகையை அவர் 1858ஆம் ஆண்டு வரைபடமாக்கிக் காட்டினார். போர்க் காயத்தினும் தடுக்கத்தக்க நோயே மிகுதியாகக் கொன்றது என மெய்ப்பித்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த தம் செவிலியக் குறிப்புகளில், நோயாளர் அருகே கிசுகிசுத்தலும் போலி ஆறுதல் கூறலும் தீங்கென்று கண்டித்தார். நோயாளருடன் பேசுவோர் அவர் கண்ணுக்கெதிரே அமர்ந்து பேசுதல் வேண்டும் என்பதும் அவர் கொள்கை.

பிற்காலத்தில் இதற்கென வினாத்தாள்கள் தோன்றின. அமெரிக்க நாட்டில் மருத்துவமனை நீங்கியோரிடம் எடுக்கப்படும் பொதுக் கணிப்பின் முடிவுகள் 2008 முதல் மக்கள் அறிய வெளியிடப்படுகின்றன. தாதியர் மரியாதையோடு நடத்தினரா, கவனமாகக் கேட்டனரா, விளங்கும்படி எடுத்துரைத்தனரா என்னும் மூன்று வினாக்கள் அதில் உள்ளன. ஒருபோதுமில்லை, சிலவேளை, பெரும்பாலும், எப்போதும் என்பன விடைகள். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பரசுராமன் என்பார் இருவரோடு இணைந்து 1988இல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோல், மக்கள் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியை 22 கூற்றுகளால் காண்கின்றது. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

எனினும் இக்கோல்கள் குறையற்றவை எனல் தகாது. நோயுற்றோர் நன்றியாலும் அச்சத்தாலும் நல்லதையே எழுதுவர். தம்மைப் பேணும் கையைக் குறைகூற எவருக்கு மனம் வரும்? எழுத்தறியார் தாளில் குறியிடவும் மாட்டார். அம்மூதாட்டியின் விடைத்தாளைப் பேரனே நிரப்புவான். பாட்டியின் உள்ளம் அதில் இராது.

இன்னொரு தீங்கும் உண்டு. ஓர் அளவை இலக்காக்கப்படின் அது நல்ல அளவையாக நிலைப்பதில்லை என்னும் கருத்துக்கு, 1975இல் வித்திட்டவர் ஆங்கிலப் பொருளியலறிஞர் குட்ஹார்ட். ஆசிரியருலகுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1988 முதல் 2021இல் நீக்கப்படும்வரை யூபிஎஸ்ஆர் தேர்வில் 'ஏ'க்களை எண்ணிய பழக்கம், கற்றலைப் பல வகுப்பறைகளில் தேர்வுப் பயிற்சியாகச் சுருக்கியது. மதிப்பெண்ணுக்காகப் புன்னகைக்கும் தாதியும் அத்தகையவரே ஆவார்.

ஆயின் அளத்தலையே கைவிடலாமா? கைவிடின் இழப்பு எளியவருக்கே. குரலுடையவர் மேலதிகாரியிடம் முறையிடுவார். குரலற்றவரின் துன்பம் கணக்கெடுத்தாலன்றி வெளிப்படாது. ஆகவே அளக்க வேண்டும். அளக்கும் பொருளை மட்டும் மாற்ற வேண்டும். தாதி எவ்வாறு பேசினார் என்பதைவிட, நோயாளர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதே காணத்தக்கது. மேலை மருத்துவமனைகளில் இதற்கொரு வழி வழங்குகின்றது. மருந்துமுறையைக் கூறிய தாதி, "இதனை வீட்டில் எவ்வாறு உண்பீர்கள்? உங்கள் சொல்லிலேயே கூறுங்கள், அம்மா" என்று வினவுவார். விடை பிழைப்பின் பிழை சொன்னவருடையது. அவர் மீண்டும் வேறு வகையிற் சொல்வார். நல்லாசிரியர் அறிந்த நெறியே இது. பாடம் நடத்தி முடிந்ததற்குச் சான்று ஆசிரியரின் பேச்சன்று, மாணவரின் மறுமொழியே.

இங்கு மொழிபெயர்ப்பும் ஓர் அறக்கடன் ஆகின்றது. பாட்டியின் மறைவான நோயைப் பன்னிரண்டு வயதுப் பேரன் மொழிபெயர்ப்பது இருவருக்கும் நாணம் தருவது, பிழைக்கும் இடமளிப்பது. அவர்தம் தாய்மொழியில் செய்தி சென்றதா என்னும் வினா இல்லாத எந்த அளவுகோலும் பினாங்குக்குப் பொருந்தாது.

இத்துணையும் செய்தபின்னும் எண்ணில் அடங்காதது ஒன்று எஞ்சும். நள்ளிரவில் அச்சமுற்ற நோயாளரின் கையைப் பற்றி ஒன்றும் பேசாது நின்ற தாதிக்கு எந்த வினாத்தாளும் மதிப்பெண் அளிப்பதில்லை. குறிப்பறிதல் என வள்ளுவர் சுட்டிய ஆற்றல் அது. அதனைப் பயிற்றும் களம் வகுப்பறை. தமிழ்ப்பள்ளியில் இன்று பயிலும் சிறுமி நாளை அப்படுக்கையருகே நிற்கக்கூடும். தெளிவாகச் சொல்லவும், சொன்னபின் காத்திருந்து கேட்கவும் அவளுக்கு இன்றே கற்பித்தல் ஆசிரியர் கடன். அளவுகோல் குறையைக் காட்டும் கண்ணாடி மட்டுமே. அக்குறையை நிரப்ப வேண்டியவர் மாந்தரே.